கண்டி பஸ்ஸில் இடம் பிடித்த கதை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது விமானம் தலைக்கு மேலே தாழப் பறந்து போகும். அவனியாபுரத்துக்காரர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. சத்தம் வரும்போது பேச்சை நிறுத்துவோம், போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். முப்பது வருடமாக அப்படிப் பேச்சை நிறுத்திக்கொண்டிருந்த எனக்கு, ஒரு நாளாவது அதற்குள் உட்கார்ந்து கீழே பார்க்க வேண்டும் என்று ஆசை. தனியாக இல்லை, என் வீட்டுக்காரரோடு.

இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் மேலூர்ப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். அவருக்கு மெயின் ரோட்டில் லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான். கல்யாண வீடு, துக்க வீடு எதுவானாலும் நான் முதல் நாளே போய்விடுவேன். அவர் கடைசி நேரத்தில் பைக்கில் வந்து, தலையைக் காட்டிவிட்டு, பட்டறைக்கு ஓடிவிடுவார். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழு நாள் கழித்தது கிடையாது. சண்டை போடக்கூட நேரம் கிடைக்கவில்லை. அதனால்தான் இத்தனை வருடம் ஒற்றுமையாக இருக்கிறோம் என்று என் தங்கை சொல்வாள்.

நான் ஓய்வு பெற்றேன். பட்டறையை மகன் எடுத்துக்கொண்டான். என்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் எல்லாம் ஒரே நிறத் தொப்பி மாட்டிக்கொண்டு கும்பலாக ஊர் சுற்றக் கிளம்பினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு அந்தத் தொப்பியும் வேண்டாம், கும்பலும் வேண்டாம். இவரை நச்சரிக்க ஆரம்பித்தேன். பட்டறை இல்லாத நாளிலும் பட்டறை வாசலில் போய் நாற்காலி போட்டு உட்காரும் மனிதர் இவர். “பழகாத ஊர்ல திக்குத் தெரியாம நிக்கிறது எனக்கு ஆகாது” என்பார். பயமாக இருக்கிறது என்பதை ஆண்கள் இப்படித்தான் சொல்வார்கள் போல.

ஆறு மாதம் விடாமல் அரித்ததில் ஒருநாள் காலை, இட்லித் தட்டின் முன்னால், மகன் இருக்கும்போதே சொன்னார்.

“ஒரே ஒரு தடவ வாரேன். போயிட்டுத் திரும்புற வரைக்கும் சிக்கல் ஒண்ணும் இல்லன்னா, வருசா வருசம் நீ சொல்ற எடத்துக்கு வாரேன். சிக்கல் வந்துச்சு, அதோட சரி. அப்புறம் என்னையக் கூப்பிடப்படாது.”

“சிக்கல்னா எம்புட்டு சிக்கல்?” என்றேன். டீச்சர் இல்லையா, விளக்கம் கேட்காமல் இருக்க முடியாது.

“சிக்கல்னா சிக்கல்தான். வந்தா உனக்கே தெரியும்.”

மகன் சிரித்தான். “நான்தான் சாட்சி. ரெண்டு பேரும் பேச்சு மாறக்கூடாது” என்றான்.

அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. இலங்கை என்று முடிவு செய்தேன். ஒரு மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம், தமிழிலேயே வழி கேட்கலாம், சிக்கல் வர வழியே இல்லை. எந்த ரயில் எத்தனை மணிக்கு, எந்த ஊரில் எந்த விடுதி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். போர்வை, மாத்திரை, ஊறுகாய், அவருக்கு மாற்றுக் கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்தேன். “பாஸ்போர்ட்ட நான் சட்டைப் பையில வச்சுக்கிறவா?” என்று கேட்டார். “ஒண்ணும் வேணாம். நீங்க போட்டிருக்க கண்ணாடியவே தேடுற ஆளு” என்று இருவருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி என் பழுப்பு நிறக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தப் பேச்சுக்கு நான் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

விமானத்தில் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். கிளம்பும்போது இரண்டு கையாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். மேலே ஏறி ஒரு பக்கம் சாய்ந்ததும் கீழே கண்மாய்களும் தென்னந்தோப்பும் தெரிந்தன. “அந்தா பாரு, அது நம்ம பட்டறைக் கூரை” என்றார். அது எந்தக் கூரையாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். நானும் ஆமாம் என்றேன். அவர் பிடித்த பிடியை விட்டுவிட்டார், அது போதும் எனக்கு.

மறுநாள் காலை கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து, நுவரெலியாவுக்குப் பக்கத்து ஸ்டேஷனான நானு ஓயாவுக்கு ரயில். மலை ஏற ஏற ரயில் ஆடியது, எங்கள் தோள்கள் இடித்துக்கொண்டன, குளிர் வந்தது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதர் அன்று பேசிக்கொண்டே வந்தார். இந்த ஆட்டத்துக்கு எந்த பேரிங் தேய்ந்திருக்கும், இந்த வளைவில் சக்கரம் ஏன் கீச்சிடுகிறது, குகைக்குள் போகும்போது சத்தம் ஏன் மாறுகிறது என்று ஒன்று விடவில்லை. எனக்குப் பாதி புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். அந்தக் குரலை அம்புட்டு நேரம் கேட்டதே எனக்குப் பெரிய பாக்கியமாக இருந்தது.

இறால் வடை விற்றுக்கொண்டு வந்தார்கள். அங்கே வடையைப் பழைய பள்ளிக்கூடத் தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள். எனக்கு வந்த தாள் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாள். வடையைத் தின்றபடியே வாசித்தேன். நான்காவது கணக்கு சரி, ஆனால் டீச்சர் தப்புப் போட்டிருந்தார். எனக்கு ஆறவே இல்லை. “அந்தப் பிள்ளைக்கு அஞ்சு மார்க்கு போச்சே” என்று புலம்பினேன். அவர் எண்ணெய்க் கையோடு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டி, “போட்டு விடு டீச்சரு” என்றார். போட்டுவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு குடும்பமே எங்களைப் பார்த்துச் சிரித்தது.

நுவரெலியாவில் இரண்டு நாள். ஏரியைச் சுற்றி நடந்தோம், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தேநீர் குடித்தோம். ஒரு சிக்கலும் இல்லை. மூன்றாம் நாள் காலை கண்டிக்குப் பஸ். அங்கிருந்து கொழும்புக்கு ரயில். மறுநாள் மதியம் விமானம். முக்கால் கிணறு தாண்டியாகிவிட்டது என்று நான் மனதுக்குள் அடுத்த வருடத்துக்கு ஊர் தேட ஆரம்பித்துவிட்டேன்.

இங்கே என் திறமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருடம் மேலூர் பஸ்ஸில் போய் வந்தவள் நான். சாயங்காலம் மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழைந்து திரும்பும்போதே ஓடிப்போய், ஜன்னல் வழியாகச் சீட்டில் பையைப் போட்டுவிடுவேன். ஆண்கள் துண்டு போடுவார்கள்; எனக்குக் கைப்பையும் குடையும். குறி தப்பியதே இல்லை. பை விழுந்துவிட்டால் சீட்டு நம்முடையது. அதற்குப் பிறகு அவசரமே இல்லை. டிரைவரும் கண்டக்டரும் இறங்கி டீக்கடைக்குப் போவார்கள், நாமும் ஒரு டீயைக் குடித்துவிட்டு நிதானமாக ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். ஏறுவதற்குள் எவராவது பையை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தால், அவர்களை எழுப்புகிற குரலும் என்னிடம் இருந்தது.

நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். அவர் பெட்டியோடு டீக்கடை வாசலில் நின்றார். நான் பஸ்ஸைப் பார்க்க முன்னால் போனேன். சிவப்பு பஸ் ஒன்று உள்ளே வந்து திரும்பியது. நெற்றியில் மூன்று மொழியில் எழுதியிருந்ததில் ‘கண்டி’ என்று தமிழிலும் இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. கால் தானாக ஓடியது, கை தானாக உயர்ந்தது. முன்னாலிருந்து மூன்றாவது ஜன்னல். கைப்பை ஒரு சீட்டில், குடை பக்கத்துச் சீட்டில். இரண்டும் போய் உட்கார்ந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

பெருமையாக டீக்கடைக்கு நடந்தேன். “எடம் போட்டாச்சு. நிதானமா குடிங்க” என்றேன். இரண்டு பேரும் இஞ்சி போட்ட டீயை ஊதி ஊதிக் குடித்தோம். குடித்துவிட்டுத் திரும்பினால் பஸ் நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருக்கிறது.

அந்த பஸ் அங்கிருந்து கிளம்புகிற பஸ்ஸே இல்லை. எங்கிருந்தோ வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு, போய்க்கொண்டே இருக்கிற பஸ். பைக்குள் பாஸ்போர்ட் இரண்டும் இருந்தன. என் போனும் அதற்குள்தான். அவருடைய போன் இந்த ஊரில் வேலை செய்யாது.

நாளைக்கு விமானம் ஏற முடியாது, தூதரகம் தேடி அலைய வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான் தோன்றியது. முதலில் தோன்றியது இதுதான்: முடிந்தது, இனி இவர் என்னோடு எங்கேயும் வரமாட்டார். அதுவும் அவரால் வந்த சிக்கல் இல்லை. கண்ணாடி தேடுகிற ஆள் என்று கேலி பேசிய நானே, என் கையாலேயே தூக்கி எறிந்திருக்கிறேன்.

“என்னங்க, பாஸ்போர்ட்டு...” என்றேன்.

அவர் காலி இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக ஆட்டோ நிற்கும் இடத்துக்கு நடந்தார். திக்குத் தெரியாத ஊர் என்று மூன்று நாளாக என் முந்தானையைப் பிடிக்காத குறையாக வந்த மனிதர், “அண்ணே, இப்ப போன கண்டி பஸ்ஸப் பிடிக்கணும். பிடிச்சிரலாமா?” என்று ஒரு ஆட்டோக்காரரைக் கேட்டார்.

ஆட்டோக்காரர் மலையகத் தமிழர். “அவன் வழியெல்லாம் ஆள் ஏத்திக்கிட்டுத்தான் போவான். ஏறுங்க, பாத்துக்கிருவம். அழாதீங்க அக்கா” என்றார். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஆட்டோ தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கியது. எத்தனை அழகான பாதை அது! என்னால் ஒன்றையும் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கீழே பஸ் தெரிகிறதா என்று தலையை வெளியே நீட்டினேன். அவரோ தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் குனிந்து, “அண்ணே, கிளட்ச் கேபிள் தேஞ்சிருச்சு. இந்த வாரத்துக்குள்ள மாத்திப்புடுங்க” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. “இப்ப அதுவா முக்கியம்?” என்று கத்தினேன். “அது அறுந்தா பஸ்ஸப் பிடிக்க முடியாதுல்ல” என்றார்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். கீழே இரண்டு வளைவு தள்ளிச் சிவப்பாகத் தெரிந்தது. ஒரு தோட்டத்து நிறுத்தத்தில் பஸ் ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கியபடியே போய் அதன் முன்னால் நிறுத்தினார். நான் இறங்கி ஓடினேன்.

பஸ்ஸுக்குள் எள் போட்டால் விழாது. படியில் ஆள், உள்ளே நெருக்கியடித்து ஆள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு ஆள். பை போயிருக்கும் என்றே நினைத்துக்கொண்டு ஏறினேன். “எம் பை, எம் பை” என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னேன். கூட்டம் கொஞ்சம் விலகியது.

மூன்றாவது ஜன்னலோரத்தில் இரண்டு சீட்டும் காலியாக இருந்தன. ஒன்றில் என் பை. மற்றதில் என் குடை. நான் போட்டது போட்டபடி.

அந்தச் சீட்டை ஒட்டி ஒரு பெண், இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. “வந்துட்டீங்களா? நீங்க எறிஞ்சத நான் பாத்தேன். ஆள் வரும், ஆள் வரும்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே வர்றேன். கண்டக்டரும், அடுத்த பஸ்ஸுல வந்தா கண்டியில குடுத்துறலாம்னு சொன்னாரு” என்றாள்.

“பிள்ளைய வச்சுக்கிட்டு நீ உக்காந்திருக்கலாம்ல, தாயி?”

“அடுத்தவங்க எடத்துல எப்பிடி ஒக்கார்றது?” என்றாள், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

இருபத்தாறு வருடத்தில் எத்தனை பேரைச் சீட்டிலிருந்து எழுப்பியிருக்கிறேன், எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். பிள்ளையோடு நின்ற எத்தனை பேரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளை உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன். இதோ அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன் என்று மறுத்துவிட்டாள். பிள்ளையை மட்டும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் பெட்டியை ஏற்றிவிட்டு, ஆட்டோக்காரரிடம் மறுபடியும் கேபிளை ஞாபகப்படுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது.

பையைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. ஆனால் அவர் ஒன்றும் பேசவில்லை. கண்டி வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கண்டியிலிருந்து கொழும்பு ரயிலிலும் பேச்சில்லை. பேரிங் கூடக் கிடையாது. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து வருவது இதுதான் கடைசித் தடவை என்று நினைத்து, அவர் தோளில் என் தோள் படும்படியே உட்கார்ந்து வந்தேன்.

மறுநாள் விமான நிலையத்தில், வரிசையில் நிற்கும்போது, பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்து அவரிடம் நீட்டினேன். “நீங்களே வச்சுக்கங்க.”

வாங்கவில்லை. “நீயே வச்சுக்க. எறியாம வச்சுக்க” என்றார். சிரித்தாரா, குத்திக் காட்டினாரா என்று அந்த முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. முப்பத்து நான்கு வருடம் பார்த்த முகம்தான்.

மதுரையில் இறங்கியபோது மூன்று மணி வெயில் முகத்தில் அடித்தது. ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடத்தில் வீடு. மகன் சாப்பிட வந்திருந்தான். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் முற்றத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, ஒப்பந்தம் என்ன ஆச்சு? சிக்கல் ஒண்ணும் இல்லையே?” என்று மகன் கேட்டான்.

இரண்டு நாளாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான், என்னிடம் படித்த பிள்ளை அவன். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். “அது வந்துடா, நுவரெலியாவுல...”

“ஒரு சிக்கலும் இல்லப்பா” என்று குழாயடியிலிருந்து குரல் வந்தது. “பஸ்ஸு அம்புட்டுக் கூட்டம். உங்கம்மா எடம் போட்டுவச்சிருந்தா. கண்டி வரைக்கும் உக்காந்தே வந்தோம்.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து இன்னொரு காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கடைந்து கொடுத்த சாமானில் மயிரிழை பிசகினால்கூட, வந்தவருக்குத் தெரியாது என்றாலும், “தப்புப் பண்ணிட்டேன், நாளைக்கு வாங்க” என்று தானே சொல்லி வேறு செய்து கொடுக்கிற மனிதர். பட்டறைக்காரர்கள் இப்படி இருந்தால் பிழைக்க முடியாது என்று நானே எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை மாறி வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுப்படிக்குள் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். வெளியே துண்டை உதறும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் மகனைக் கேட்டார்:

“மலேசியாவுல மலைக்கெல்லாம் ரயிலு போகுமாடா?”